வானம் தெளியட்டும்!

ரயில்வே ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருப்பதைப்போல் மனிதனுடைய பொறுமையைச் சோதிக்கும் காரியம் வேறு கிடையாது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வண்டி அரை மணி தாமதம் என்று அறிவித்துவிட்டால் போதும். ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து ஆரம்பித்து மந்திரிமார் வரையில் ஒருவரையும் விடாமல் வைது தீர்த்துவிடுகிறோம். வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள அலாஸ்கா பிரதேசத்து ஜனங்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் தாமதம் என்றால் மூன்று நாள், ஐந்து நாள், சமயத்தில் அதற்கும் மேல். வைவதற்கோ ஆள் கிடையாது. தாமதத்துக்குப் பொறுப்பாளிகள் காற்றும் பனியும் இருட்டுமே யல்லவா?

அலாஸ்காவின் விஸ்தீரணம் இந்தியாவில் பாதிக்கு மேல். அங்கே வசிக்கும் ஜனங்களோ ஏழரை லட்சம் பேர்கூட இல்லை. மலை, பனியாறு, சதுப்பு, காடு, அவற்றுக்கும் வடக்கே மரமே முளைக்காத வெட்டவெளி - இவற்றுக்கு நடுவே ஐம்பது வீடும் நூறு வீடுமாகக் கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலான கிராமங்களை வெளியுலகத்தோடு இணைக்கும் சாலை இன்றைக்கும் கிடையாது. முற்காலத்தில் கோடையில் படகும், மாரிக் காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியுமே கதி. இன்று தபால் வருவதும், வைத்தியர் வருவதும், பிரசவத்துக்காகக் கர்ப்பிணிப் பெண் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவதும் பெரும்பாலும் சிறிய ஆகாய விமானத்தில்தான். ஆறு பேர் உட்காரக் கூடிய விமானம் ஒன்று வந்து இறங்கினால் கிராமத்துக்கு உயிர் வந்ததுபோல. வராவிட்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்த விமானப் போக்குவரத்து அங்கே எப்படி ஆரம்பமாயிற்று என்பதே ஒரு சுவையான வரலாறு. பேர்பாங்க்ஸ் என்ற ஊரில் கார்ல் பென் ஐல்ஸன் என்ற இளைஞர் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராயிருந்தார். முதல் மகா யுத்தத்தின்போது ராணுவத்தில் விமானம் ஓட்டக் கற்றவர். பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரத்திலும் அவருக்கு ஆகாயத்தைப் பற்றிய சிந்தனையே! 1924-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி, தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பேர்பாங்க்ஸிலிருந்து மக்ராத் என்ற சிற்றூருக்கு அவர் விமானத்தில் சென்றார். நாய் வண்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடிக்கும் பிரயாணம். ஐல்ஸனுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அலாஸ்காவில் விமானத் தபாலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்தப் பிரயாணந்தான்.

போனது சரி, திரும்பி வந்ததைச் சொல்ல வேண்டாமா? வழியிலேயே சூரியன் அஸ்தமித்துவிட்டது. கீழே எல்லாம் ஒரே கறுப்பு. ஐல்ஸன் வழி தவறி அலைந்து, கடைசியில் ஊரார் மூட்டியிருந்த தீயின் வெளிச்சத்தைக் கண்டு இறங்கினார். இறங்கும்போது விமானத்துக்குச் சேதம் நேர்ந்தது. ஆசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே அந்த நாடு அவருக்கு ஒரு பாடம் கற்பித்தது என்று சொல்லலாம். பள்ளிக்கூட உபாத்தியாயரானாலும் சில பாடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பிரதேசத்தில் விமானிக்கு ஏற்படும் இடைஞ்சல்கள் பல தினுசு. கடலோரத்தில், உறைந்த பனிக்கட்டிகளுக்கிடையே வெடித்துத் திறந்திருக்கும் நீரிலிருந்து ஆவி கிளம்பி மூடுபனியாகக் கவிந்துகொள்ளும். காலையில் தெளிவாயிருந்த கரை கால் மணியில் காணாமற் போய்விடும். அதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை; நிழலே விழாத மங்கலான வெளிச்சம். எது மேல், எது கீழ், தரை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் நிதானிக்க முடியாது. பாலுக்குள் விழுந்த ஈயின் கதிதான். மேகத்துக்குள் புகுந்தாலோ இறக்கைகளின்மேல் பனி உறைந்து கனத்துவிடும். இறக்கையின் வடிவமே மாறி, விமானத்தைத் தூக்கி நிறுத்தும் சக்தி குறைந்துபோகும். மாரிக் காலத்தில் பகல் பொழுது சில மணி நேரமே. வட கோடியில் அதுவும் இல்லை. இரண்டு மாத காலம் சூரியன் தலை காட்டுவதே கிடையாது.

இவ்வளவையும் சமாளித்தாலும் எஞ்சின் ஒருபுறம் இருக்கிறது. இரவு இறங்கியவுடன் அதிலுள்ள எண்ணெயைச் சூடாயிருக்கும்போதே வடித்துப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் அது தார்போல் இறுகிவிடும். மறு நாள் எஞ்சினைக் கித்தானால் போர்த்தி, அதற்குள் அடுப்பை வைத்து, தீப்பற்றிக்கொள்ளாமல் பக்கத்திலேயே காவலிருந்து சூடேற்றுவார்கள். எடுத்து வைத்த எண்ணெயையும் காய்ச்சி ஊற்றுவார்கள். இந்த வைபவமெல்லாம் முடிய ஒரு மணி, இரண்டு மணி ஆகும். முடிந்து நிமிர்ந்து பார்த்தால், வானம் மறுபடியும் மூடிக்கொண்டிருக்கும்! மறுபடியும் எண்ணெயை வடிக்க வேண்டும். இப்படி ஒரு நாள் அல்ல, நான்கு நாள் நடந்தால், எவ்வளவு சாந்த ஸ்வபாவமுள்ளவனுக்கும் "வந்தது வரட்டும், கிளம்பிவிடலாம்" என்று தோன்றுமா, தோன்றாதா? அந்த எண்ணந்தான் எல்லாவற்றிலும் பெரிய அபாயம்.

ஐல்ஸனுடைய வாழ்க்கையில் மூன்று முறை இந்தப் பரீட்சை வந்தது.

முதலாவது 1927-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில். ஆஸ்திரேலியரான ஹ்யூபர்ட் வில்கின்ஸ் வட துருவக் கடலில் புது நிலம் ஏதேனும் உண்டா என்று ஆராய்வதற்காக ஐல்ஸனைத் தமக்கு விமானியாகச் சேர்த்துக்கொண்டார். அலாஸ்காவின் வட முனையான பாரோ முனையிலிருந்து கிளம்பி, உறைந்த கடலின்மேல் நூற்றுக்கணக்கான மைல் சென்றார்கள். எஞ்சின் தகராறு செய்ததால் பனிக்கட்டியின்மேலேயே இறங்கிப் பழுது பார்த்தார்கள். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்ததில் ஐல்ஸனுடைய விரல்கள் விறைத்துப்போயின. திரும்பி வரும் வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இரவு, பனிப்புயல், கீழே இருப்பது பாளமா, பிளவா, தண்ணீரா என்று தெரியாது. அந்த நிலையில், நின்றுபோன எஞ்சினோடு விமானத்தை ஒரு பனிப் பாளத்தின்மேல் ஐல்ஸன் இறக்கினார். இருவருக்கும் காயமில்லை.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். ஒன்றுமே செய்யவில்லை! ஐந்து நாள் புயல் அடித்தது. ஐந்து நாளும் விமானத்துக்குள்ளேயே அடங்கியிருந்தார்கள். அவர்கள் அமர்ந்திருந்த பாளமோ நீரோட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. புயல் ஓய்ந்த பிறகே நடக்கத் தொடங்கினார்கள். பனிப் பாறைகளின்மேல் ஏறியும் ஊர்ந்தும், பதின்மூன்று நாள் நடந்து, பீச்சி முனை என்ற கரையோர வியாபார நிலையத்தை அடைந்தார்கள். ஐல்ஸனுடைய விரல் ஒன்றை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வேறு குறை ஒன்றுமில்லை.

மனிதர்கள் இத்துடன் விட்டார்களா? மறு வருஷமே, 1928-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி, இருவரும் பாரோ முனையிலிருந்து மறுபடியும் கிளம்பினார்கள். இந்தத் தடவை துருவக் கடலைக் குறுக்கே கடந்து ஐரோப்பாவின் பக்கத்திலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் போவதென்று உத்தேசம். சுமார் 2,200 மைல். இருபது மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து ஸ்பிட்ஸ்பெர்கனை நெருங்கியபோது, புயல் சூழ்ந்துகொண்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பெட்ரோலும் குறைந்துகொண்டே வந்தது. கண்ணில் பட்ட ஒரு சமதரையில் இறங்கிவிட்டார்கள். அது ஆளில்லாத தீவு. அதன் பெயர் என்ன தெரியுமா? "செத்தவன் தீவு"! பெயரை அப்போது அவர்கள் அறியாமலிருந்தது நல்லதுதான்.

மறுபடியும் ஐந்து நாள் காத்திருத்தல். வண்டிப் பெட்டியைவிடக் குறுகலான ஓர் இடத்தில், இரண்டு பேர், வெளியே ஊளையிடும் புயல். உலகமெல்லாம் இவர்களுடைய கதி என்னவாயிற்று என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. இவர்களோ உலர்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் வானம் தெளிந்தது. பனியில் புதைந்திருந்த விமானம் நகர மறுத்தது. வில்கின்ஸ் கீழே இறங்கி வாலைப் பிடித்துத் தள்ளினார். விமானம் கிளம்பியது, ஆனால் அவர் ஏற முடியவில்லை! முன்னால் உட்கார்ந்திருந்த ஐல்ஸனுக்கு இது தெரியாது. மேலே போய்ச் சுற்றிப் பார்த்தபோதுதான், வில்கின்ஸ் கீழே தன்னந்தனியாக நிற்பதைக் கண்டு திரும்பி இறங்கினார். இரண்டாம் முறையும் வில்கின்ஸ் கை நழுவிப் பனியில் விழுந்தார். மூன்றாம் முறை, ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு மற்றொரு காலால் உந்தித் தள்ளி, எப்படியோ தொற்றிக்கொண்டார். மேலே எழும்பிப் பார்த்தால், சற்றுத் தூரத்திலேயே கிரீன் ஹார்பர் என்ற ஊரின் கம்பியில்லாத் தந்திக் கம்பங்கள் தெரிந்தன! ஐந்து நாளும் அவர்கள் மனித வாசத்துக்கு அவ்வளவு அருகில்தான் இருந்தார்கள். ஆயினும் புயலுக்கு நடுவே அதைத் தேடிப் புறப்பட்டிருந்தால் தீவின் பெயருக்கு மறுபடியும் பொருத்தம் ஏற்பட்டிருக்கும்.

ஐல்ஸனுடைய புகழ் உலகமெங்கும் பரவியது. தென் துருவப் பிரதேசத்திலும் வில்கின்ஸுடன் பறந்தார். பிறகு அலாஸ்காவுக்கே திரும்பி ஒரு விமானக் கம்பெனியின் தலைமையை ஏற்றார். இனிப் பாக்கியிருந்தது மூன்றாவது பரீட்சை.

1929-ம் வருஷம் இலையுதிர் காலத்தில், 'நானுக்' என்ற வியாபாரக் கப்பல் ஸைபீரியாவின் வட கரையில் பனியில் சிக்கிக்கொண்டது. அதில் விலை மதிப்புள்ள ரோமத் தோல்கள் இருந்தன, பிரயாணிகளும் இருந்தார்கள். கப்பலின் சொந்தக்காரரும் அவருடைய இளவயது மகளும் அந்தக் கப்பலிலேயே அகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்களையும் சரக்கையும் விமானத்தில் கொண்டுவர ஐல்ஸனுடைய கம்பெனி ஒப்புக்கொண்டது. முதல் தடவை காரியம் சுகமாக முடிந்தது. இரண்டாம் தடவை புறப்படுவதற்காக அலாஸ்காவின் மேற்குக் கரையிலுள்ள டெல்லர் என்ற சிற்றூரில் தங்கியபோது வானம் கெட்டுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள் என்று காத்திருப்பு வளர்ந்தது. நவம்பர் மாதம்; பகல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது. ஒப்பந்தமோ பெரிய தொகைக்கு. கப்பலில் இருப்பவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். இன்னும் தாமதித்தால் மாரிக் காலம் முழுவதும் காரியம் கெட்டுப்போகும்.

நவம்பர் 9-ந் தேதி, அதே வேலைக்காக வந்திருந்த மற்றொரு விமானி பொறுமையிழந்து கிளம்பினார். அவரைத் தொடர்ந்து ஐல்ஸனும், தம் மெக்கானிக் ஏர்ல் போர்லண்டு என்பவருடன் கிளம்பினார். முன்னால் போனவர் மூடுபனியைக் கண்டு அஞ்சித் திரும்பி வந்துவிட்டார். ஐல்ஸன் திரும்பவில்லை.

செத்தவன் தீவில் ஐந்து நாள் சும்மா உட்கார்ந்திருந்த அதே மனிதர்தாம் இவர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. அங்கே வேறு வழியில்லாமல் காத்திருந்தார். டெல்லரில் வழி இருந்தது. முன்னால் ஒருவர் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, புயலில் அகப்பட்டுக்கொண்டு நிற்பதைவிடக் கடினமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேடுவதற்குப் போனவர்களும் அதே வானத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தானே? புயல் நின்ற நாளில் இருட்டு. வெளிச்சம் இருந்த நாளில் புயல். வாரக்கணக்கில் விமானிகள் டெல்லரிலும் கப்பலிலுமாக முடங்கிக் கிடந்தார்கள். ருஷ்ய விமானிகளும் தேடுதலில் கலந்துகொண்டார்கள். கடைசியாக 1930-ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில், ஜோ கிராஸன், ஹெரால்டு கில்லம் என்னும் இரண்டு விமானிகள் தனித் தனி விமானங்களில் பறந்துகொண்டிருந்தபோது, வெண்பனியின்மேல் விழுந்திருந்த ஒரு விசித்திரமான நிழல் கிராஸனுடைய கண்ணில் பட்டது. இறங்கிப் பார்த்தால், பனிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த விமான இறக்கை! பிப்ரவரி மாதத்தில் இரு சடலங்களையும் பனியிலிருந்து தோண்டியெடுத்தார்கள். ஸ்லெப்னியோவ் என்ற ருஷ்ய விமானி அவற்றுக்குத் துணையாக அலாஸ்கா வரையில் வந்தார். ஐல்ஸனுக்கு வயது முப்பத்திரண்டு.

உயரம் காட்டும் கருவி பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது கருதினார்கள். அந்தக் கருவி காற்றின் அழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்வது. புறப்பட்ட இடத்தைக் காட்டிலும் போகும் இடத்தில் அழுத்தம் குறைவாயிருந்தால், உண்மையில் இருப்பதைவிட அதிக உயரத்தில் இருப்பதாக முள் காட்டும். தெளிந்த வானத்தில் கண் இந்தப் பிழையைத் திருத்திவிடும். புயலில், அழுத்தமும் குறைந்திருக்கும், கண்ணும் பயன்படாது. இரண்டு தோழர்களும் ஒரே சமயத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

நியாயத்துக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். காத்திருந்தவன் பிழைத்தான், காத்திராதவன் மாண்டான் என்று கணக்கு எப்போதும் அவ்வளவு நேராக இருப்பதில்லை. ஐல்ஸனைத் தேடிப் போன கில்லம் அந்தச் சமயத்தில் விமானத் தொழிலுக்கே புதியவர். பின்னால் அவர், மற்ற விமானிகள் வெளியே தலை நீட்டாத நாட்களில் பறந்து பெயர் எடுத்தார். மிகவும் மோசமான வானத்துக்குக் "கில்லம் வானம்" என்றே விமானிகள் பெயர் வைத்துவிட்டார்கள்! வருஷக்கணக்கில் குறித்த நாளில் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எத்தனையோ கிராமத்தார் அவரை வாழ்த்தியிருப்பார்கள். 1943-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், தெற்கு அலாஸ்காவில் கெச்சிகன் என்ற ஊருக்கு அருகே, மழையும் பனியுமான ஒரு நாளில் அவருடைய விமானம் மலைக் காட்டில் விழுந்தது. பிரயாணிகளில் பெரும்பாலோர் பிழைத்து, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு மீட்கப்பட்டார்கள். உதவி தேடிப் போன கில்லம் கடற்கரையில் இறந்துகிடந்தார்.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. அலாஸ்காவில் மலைக் கணவாய்களிலும் கிராமத்து விமானத் தளங்களிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் காமிராக்களை நிறுத்தியிருக்கிறார்கள். சில நிமிஷங்களுக்கொரு முறை அவை படம் எடுத்து அனுப்புகின்றன. தெளிந்த நாளில் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அந்தச் சிகரம் தெரியவில்லை, ஆகையால் கிளம்புவதற்கில்லை" என்று விமானி தீர்மானிக்கிறார். கண் போகாத இடத்துக்கு முன்கூட்டியே கண்ணை அனுப்பும் வித்தை! தீர்மானிக்க வேண்டியவர் மட்டும் பழையபடி மனிதர்தாம்.

அந்தக் காலத்தில் இந்த வசதியில்லாதபோது நேர்ந்த மற்றொரு சம்பவம் அமெரிக்க தேசம் முழுவதையும் கண் கலங்கச் செய்தது. வைலி போஸ்ட் என்பவர் ஒற்றைக் கண் விமானி. 1933-ம் வருஷத்தில் தன்னந்தனியாக எட்டு நாளைக்குள் உலகத்தைச் சுற்றி வந்தவர். அந்தப் பிரயாணத்தின்போது அலாஸ்காவில் அவருடைய விமானம் குப்புறச் சாய்ந்து உடைந்தது. செப்பனிட ஆட்களையும் சாமான்களையும் கொண்டுவந்து கொடுத்து உதவியவர் வேறு யாருமில்லை. ஐல்ஸனைக் கண்டுபிடித்த ஜோ கிராஸன்தான். 1935-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் போஸ்ட் தம் நண்பர் வில் ராஜர்ஸுடன் மறுபடியும் அலாஸ்காவுக்கு வந்தார். வில் ராஜர்ஸ் சினிமாவிலும் ரேடியோவிலும் பத்திரிகைகளிலும் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஹாஸ்ய சிரோமணி.

பல விமானங்களின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்த விமானம் அது. தண்ணீரில் இறங்குவதற்குரிய மிதவைகள் வந்து சேரத் தாமதமானதால், அளவில் பெரிய வேறு மிதவைகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் போஸ்ட். அதனால் விமானத்தின் மூக்கு கனத்திருந்தது. ஜூனோ நகரில் மழை அவர்களைச் சில நாள் நிறுத்திவைத்தது. ராஜர்ஸ் வழக்கம்போல் ஹாஸ்யம் பேசிப் பொழுது போக்கினார். ஆகஸ்டு 15-ந் தேதி பேர்பாங்க்ஸிலிருந்து பாரோ முனைக்குப் புறப்படும்போது, அங்கே மூடுபனி என்று செய்தி வந்தது. கிராஸன் தடுத்துப் பார்த்தார். இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

மூடுபனியில் வழி தெரியாமல் சுற்றி, ஒரு கடற்கழியைக் கண்டு இறங்கினார்கள். கரையில் ஒரு சுதேசிக் குடும்பம் முகாம் போட்டிருந்தது. பாரோ எந்தப் பக்கம் என்று விசாரித்தார்கள். இன்னும் சுமார் 15 மைல்தான் என்று தெரிந்தது. அங்கேயே கூடாரத்தில் தங்கியிருக்கலாம், நடந்தே போயிருக்கலாம். விமானத்தில் ஏறிக் கிளம்பினார்கள். சிறிது உயரம் எழும்பியதும் எஞ்சின் நின்றது. மூக்குக் கனத்த விமானம் தலைகீழாகக் கழியில் விழுந்தது. அந்த இடத்தில் தண்ணீர் சில அடி ஆழந்தான்.

முகாமிலிருந்த கிளேர் ஓக்பியாஹா என்பவர் பாரோ வரையில் ஓடிப் போய்ச் செய்தி சொன்னார். உடல்களைக் கொண்டுவரும் பொறுப்பு கிராஸனுக்கு ஏற்பட்டது. அதே வானத்தின் வழியாக அவர் வடக்கே பறந்தார். கம்பியில்லாத் தந்தியைக் கவனித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் கிளீஸன். ஆறு வருஷங்களுக்கு முன், 'நானுக்' கப்பலில் தந்திக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஐல்ஸனுடைய விமானம் வரும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.